அந்த நேரத்து மனசுக்கு யார் சாட்சி?

ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொலை நடந்துவிட்டால் அன்றைக்குப் பின்னேரமே பஸ்ஸிலும் கடையிலும் காதில் விழுகிற வசனம் ஒன்று இருக்கிறது. "பைத்தியம்னு சொல்லி அங்கொடைக்கு அனுப்பிருவாங்க, ஆறு மாசத்துல வந்து நம்ம முன்னாடியே நடப்பான்." அங்கொடை என்றால் அங்கே இருக்கிற மனநல மருத்துவமனை. அட்டன் பக்கமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன், பதுளைப் பக்கமும் இதைத்தான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. செத்துப்போனவரைத் தெரிந்தவர்கள், பிள்ளைகளை இனி எப்படித் தனியாகப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று பயந்துபோனவர்கள். ஆனால் அந்த வசனம் முழுசாகவே பிழை. அது பிழை என்று தெரியாததால், உண்மையிலேயே நோயில் இருந்த ஒருவருக்காக யார் பேச வேண்டுமோ அவர்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டினுடையது. கோப்பி அழிந்து தேயிலை வேர்பிடித்துக்கொண்டிருந்த காலம் அது, நம் பாட்டன் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி நடந்து மேலே வந்துகொண்டிருந்த காலம். அதன் 77 ஆம் பிரிவு இப்படிப் போகிறது: ஒரு செயலைச் செய்கிற நேரத்தில், சித்தசுவாதீனம் (மனத்தெளிவு) இல்லாத காரணத்தால், அந்தச் செயலின் தன்மையையோ, தான் செய்வது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவர் செய்தது குற்றம் ஆகாது.

இதில் எல்லாமே "செய்கிற நேரத்தில்" என்ற இடத்தில்தான் தொங்குகிறது. போன வருஷம் நோய் இருந்ததா என்பதோ, இப்போது கூண்டில் நிற்கும்போது எப்படி இருக்கிறார் என்பதோ அந்தப் பிரிவின் கேள்வி இல்லை. கத்தியை ஓங்கிய அந்த நேரத்தில் மனசு எப்படி இருந்தது? அவ்வளவுதான் கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் எந்த வைத்தியரும் இருப்பதில்லை.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்றால் லண்டனில் 1843 இல் நடந்த ஒரு கொலையைச் சொல்வார்கள். டேனியல் மக்நாட்டன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், பிரதமர் ரொபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள், உயிரை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள், ஜூரிமார் விடுவித்தார்கள், நாடே கொதித்தது, விக்டோரியா மகாராணியும் கோபப்பட்டார். அப்புறம் பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர்கள் கொடுத்த பதில்தான் மக்நாட்டன் விதிகள். 1860 இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவும், அதைப் பார்த்து எழுதிய நம்முடைய 77 உம் அந்த வழியில் வந்தவைதான்.

விடுதலையான மக்நாட்டன் வீட்டுக்குப் போனாரா? இல்லை. பெத்லெம் மனநல மருத்துவமனையில் இருபது வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள், 1864 இல் புதிதாகக் கட்டிய புரோட்மூருக்கு மாற்றினார்கள், 1865 இல் அங்கேயே செத்தார். நம் சட்டத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, ஒருவரை இந்தக் காரணத்துக்காக விடுவித்தால், அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதையும் தீர்ப்பில் எழுத வேண்டும். செய்தார் என்றால் பாதுகாப்பான காவலில் வைக்கக் கட்டளை போகும். அதற்கு இத்தனை மாதம், இத்தனை வருஷம் என்ற கணக்கு கிடையாது. தண்டனை பெற்ற கைதிக்காவது ஒரு திகதி இருக்கும், அதை எண்ணிக்கொண்டு படுப்பான். இவருக்கு அதுவும் இல்லை. இதனாலேயே சிறிய குற்றங்களில் பல சட்டத்தரணிமார் 77 பக்கமே போக விரும்புவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வருவது மேல் என்பார்கள். கொலை வழக்கில் கதை வேறு, ஏனென்றால் அதற்கு இன்னும் மரண தண்டனைதான் விதிக்கப்படுகிறது. 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும் தீர்ப்பு அப்படித்தான் எழுதப்படுகிறது.

அடுத்தது, எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம். வழக்கை எதிர்கொள்ள முடியாத நிலை என்பது வேறு, 77 ஆம் பிரிவு என்பது வேறு. முதலாவது இன்றைய நிலையைப் பற்றியது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தன்மேல் உள்ள குற்றச்சாட்டு விளங்குகிறதா, தன் சட்டத்தரணியிடம் நடந்ததைச் சொல்ல முடிகிறதா, சாட்சி சொல்வதைப் பின்தொடர முடிகிறதா? முடியாது என்றால் வழக்கு தள்ளிவைக்கப்படும், அவர் சிகிச்சைக்குப் போவார், தேறினால் திரும்பி வந்து அதே கூண்டில் நிற்பார். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கு ஒரு எதிரியை அனுப்புவதைப் பார்த்து "தப்பிச்சிட்டான்" என்று ஊர் சொல்லும்போது, அநேகமாக நடந்திருப்பது இதுதான். வழக்கு அப்படியே கிடக்கிறது. சில பேருக்கு அது வருஷக்கணக்கில் கிடக்கிறது.

சரி, அந்த நேரத்து மனசை எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கிற பொறுப்பு எதிரியின் தலையில்தான். 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு, விதிவிலக்கைக் கோருகிறவரே அதைக் காட்ட வேண்டும் என்கிறது. கொலையை அவர்தான் செய்தார் என்பதை அரச தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவ வேண்டும். சித்தசுவாதீனம் இல்லை என்பதை எதிரி தரப்பு அந்த அளவுக்கு நிறுவத் தேவையில்லை, இல்லாததைவிட இருந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. விளக்கமறியலில் கிடக்கிற, நாள் சம்பளத்துக்கு மலைக்குப் போகிற ஒரு குடும்பத்து மனிதனுக்கு அது லேசான காரியம் இல்லை.

மனநல வைத்தியரின் அறிக்கை அதே சான்றுச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின் கீழ் நிபுணர் கருத்தாக வருகிறது. அந்தப் பிரிவுக்கு உதாரணமாகச் சட்டமே கொடுத்திருப்பவற்றில் ஒன்று சித்தசுவாதீனம் பற்றிய கேள்விதான். ஆனால் அது கருத்துதான், தீர்ப்பு நீதிபதியுடையது. வைத்தியத்தில் நோய் என்பதும் சட்டத்தில் சித்தசுவாதீனம் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று எழுதிக் கொடுத்தால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அந்த நோய் அன்றைக்கு அவருடைய அறிவை மறைத்ததா என்பது மற்றப் பாதி.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம், யாருடைய கதையும் இல்லை, நானே கட்டுகிறேன். ஒரு ஆள், பக்கத்துக் காம்பராக்காரர், அதாவது அடுத்த அறையில் குடியிருப்பவர், தனக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று நம்புகிறார். இரவில் சுவருக்குள்ளிருந்து அவருடைய குரல் கேட்கிறது, "இன்னிக்கு உன்ன முடிச்சிருவேன்" என்கிறது. விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிடுகிறார். இவர் மனிதனைத்தான் வெட்டுகிறோம் என்று அறிந்திருந்தாரா? அறிந்திருந்தார். அது தவறு என்று அறிந்திருந்தாரா? இங்கேதான் இழுபறி. வெட்டியதும் கத்தியைக் கானுக்குள் எறிந்துவிட்டு, சட்டையைக் கழுவிவிட்டு, சொந்தக்காரர் இருக்கும் வேறு தோட்டத்துக்குப் போய் ஒளிந்தார் என்றால், தவறு என்று தெரிந்ததால்தானே ஒளிந்தார் என்று அரச சட்டத்தரணி கேட்பார். பொலிஸாருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது, ஆனால் அவர் சொன்னதை வைத்துக் கத்தி கண்டெடுக்கப்பட்டிருந்தால் அந்தத் துண்டு மட்டும் சான்றுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின் கீழ் உள்ளே வந்துவிடும். மாறாக, வெட்டிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டு, வந்தவர்களிடம் "இனிப் பயமில்ல, எல்லாரும் தூங்கலாம்" என்று சொல்லியிருந்தால் அது வேறு மனசு. சம்பவத்துக்கு முன்னும், நடக்கும்போதும், பின்னும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்த்துத்தான் அந்த நேரத்தை ஊகிக்க முடியும் என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 1964 இல் ஒரு கொலை வழக்கில் விளக்கியிருக்கிறது. பிரிவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்தத் தீர்ப்புகளை நம் சட்டத்தரணிமாரும் எடுத்துக் காட்டுவார்கள்.

குடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தானாகக் குடித்து ஏறிய வெறி 77 க்குள் வராது, அதற்கு 78, 79 என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் வருஷக்கணக்காகக் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தி, கை நடுங்கி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரிந்து அலறுகிற நிலை வெறி இல்லை, நோய். 1881 லேயே இங்கிலாந்தில் ஒரு வழக்கில் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டார்கள். நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இரண்டையும் "குடிகாரன்" என்ற ஒரே சொல்லில் கட்டிப் போட்டுவிடுகிறோம், சாட்சிக் கூண்டிலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம்.

வைத்தியர் என்ன செய்கிறார்? ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கிற வேலை இல்லை அது. பல நாள் பேச வேண்டும், வார்டில் வைத்துக் கவனிக்க வேண்டும், பொலிஸ் கோவையைப் படிக்க வேண்டும், கைதான உடனே சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுதியதைப் பார்க்க வேண்டும். நடிக்கிறாரா என்பதும் அவர் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். நடிக்கிறவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே நடிப்பார்கள், கேட்கிற எல்லா அறிகுறியும் தனக்கு இருக்கிறது என்பார்கள், பார்க்க ஆள் வரும்போது மட்டும் நோய் வரும். உண்மையான நோயாளி பல தடவை தனக்கு நோயே இல்லை என்றுதான் சாதிப்பார். முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவதையும், குளிக்காமல் பேசாமல் வாரக்கணக்கில் முடங்குவதையும் இரவு பகலாக நடிப்பது லேசில்லை.

ஆனால் அந்த வைத்தியர் எதிரியைப் பார்ப்பது சம்பவம் நடந்து வாரங்களோ மாதங்களோ கழித்து. அதற்குள் சிறைச்சாலையில் யாரோ மருந்து தொடங்கியிருப்பார்கள். வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வரும்போது வருஷங்கள் ஓடியிருக்கும், மாதாமாதம் ஊசி போட்டு மனிதர் தெளிந்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையோடு நிற்பார். பின்வாங்கில் இருக்கிற நம்மாட்கள் "நல்லாத்தானய்யா இருக்கான்" என்பார்கள். மருந்து வேலை செய்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்றைக்கு எப்படி இருந்தார் என்பதை அந்த வெள்ளைச் சட்டை சொல்லாது.

அதனால் வைத்தியருக்கு மற்றவர்களின் வாய்மொழி வேண்டும். மனைவி, அம்மா, பக்கத்துக் காம்பரா, தோட்டத் தலைவர், டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர், பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வரவில்லை என்று பெயர் வெட்டிய கங்காணி. அந்த வாய்மொழி மலையகத்தில் எங்கே தடுக்கிவிழுகிறது என்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முதலாவது மொழி. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். ஆனால் தமிழ் நிர்வாக மொழியாக இல்லாத இடங்களில் பதிவும் நடவடிக்கையும் சிங்களத்தில் நடக்கின்றன, விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. நீதிமன்றத்தில் முதலியார் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அது வேலையாகவே செய்கிறவர். வார்டில் அப்படி இல்லை. அங்கே தமிழ் தெரிந்த தாதி கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் காவலுக்கு வந்த சிறை அதிகாரியோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பார். எல்லாச் சோதனையும் இரத்தத்திலும் படத்திலும் தெரிகிற துறையாக இருந்தால் பரவாயில்லை. இது சொல்லில் மட்டுமே தெரிகிற நோய். "சாமி சொன்னிச்சு" என்று ஒருவர் சொன்னால், கோயில்ல கும்பிடும்போது மனசில் பட்டதா, வெறும் காதில் குரலாகக் கேட்டதா? "காத்து கருப்பு அடிச்சிருச்சு", "மூள கொதிக்குது", "எம் பேச்ச வெளியில இழுத்துப் போடுறானுங்க" என்பவற்றை அவசரத்தில் மொழிபெயர்க்கிறவர் "தலைவலி என்கிறார்", "சாமி கும்பிடுவாராம்" என்று சுருக்கிவிட்டால் போச்சு. கடைசியில் சொன்னது, தன் எண்ணம் தனக்குள் நிற்காமல் மற்றவர்களால் பறிக்கப்படுகிறது என்பது, ஸ்கிசோஃப்ரினியாவில் வைத்தியர்கள் தேடுகிற முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அது தலைவலியாகப் பதிவாகிவிட்டால் அறிக்கையில் ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது, நம் நம்பிக்கைகள். செய்வினையை நம்புவது நோய் ஆகாது, நம்மில் பாதிப்பேர் நம்புகிறோம். ஒரு சமூகம் பொதுவாக ஏற்றுக்கொள்கிற நம்பிக்கையை மனநோயாக எழுதக்கூடாது என்பது மனநல மருத்துவத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. சாமி வந்து ஆடுவதும் அப்படித்தான், திருவிழாவில் முனியாண்டி வந்து ஆடி, திருநீறு பூசியதும் அடங்குவது சடங்கு. கேட்காத நேரத்தில், விரும்பாமல், சடங்குக்கு வெளியே, வாழ்க்கையைக் குலைத்துக்கொண்டு வருவது வேறு, உலக சுகாதார அமைப்பின் இப்போதைய நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. இந்த எல்லையைக் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு வைத்தியர் தனியாகக் கோடு போட்டுக் காட்ட முடியாது. "டாக்டர், நாங்களும் செய்வினைய நம்புறவங்கதான், ஆனா இவரு சொன்னது எங்களுக்கே ஒத்து வரல, கோடாங்கியே இது என் வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாரு" என்று லயத்து மனிதர் ஒருவர் சொன்னால், அது ஒரு பக்க அறிக்கையைவிடப் பெறுமதியான சாட்சி. அதைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் சொல்வதில்லை. கோடாங்கியிடம் போனோம் என்று டாக்டர் முன்னால் சொல்ல வெட்கம். பைத்தியம் இருந்த குடும்பம் என்று பெயர் வந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது என்ற பயம்.

மூன்றாவது, காகிதம். சில வருஷத்துக்கு முன் மலையகத்து நீதிமன்றம் ஒன்றின் வெளித் தாழ்வாரத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மகன் உள்ளே கூண்டில். அவர் கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் ஒரு கிளினிக் கொப்பி, மழையில் நனைந்து ஓரம் உப்பிப்போய். காலையிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்று அவரும் கொடுக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். சம்பவத்துக்கு மூன்று மாதம் முந்திய திகதியோடு ஊசி நின்றிருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெறுமை. "கொழுந்து நாள்ல கூட்டிட்டுப் போக ஆளில்ல தம்பி, பேர் போட்டாத்தான சம்பளம்" என்றார். அந்த வெறும் பக்கங்களும் சாட்சிதான், நோய் இருந்தது, மருந்து நின்றது, இன்ன திகதியிலிருந்து நின்றது என்று காட்டுகிற, பொய் சொல்லாத சாட்சி. அன்றைக்கே அதை அவருடைய சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வழக்கின் முடிவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அது அந்தக் குடும்பத்தின் விஷயம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகத்தில் ஏறக்குறைய 300 முதல் 350 பேரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அப்படியென்றால் ஒரு பெரிய தோட்டத்தில் சில பேராவது இருப்பார்கள், நம்மோடு கோயிலுக்கு வருவார்கள், மலைக்குப் போவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தொடுவதே இல்லை, அடி வாங்குகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள். ஒரு கொலை வழக்கைப் பற்றிப் பேசும்போது இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பயந்து பார்த்தால், அடுத்த வீட்டுக்காரர் தன் பிள்ளையின் நோயை இன்னும் ஆழமாக மறைப்பார், இன்னொரு கொப்பியில் பக்கம் வெறுமையாகும்.

செத்தவரின் குடும்பத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, அதை யாரும் நினைப்பதில்லை. விடுதலை என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்புகிறார்கள். கொலையை அவர் செய்தார் என்று நீதிமன்றம் எழுதியிருக்கிறது, காவலில் வைக்கச் சொல்லியிருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் உட்காரவைத்துச் சொல்ல ஆள் வேண்டும். நீதி கிடைக்கவில்லை என்று நம்பிக்கொண்டு, 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், அதே லயத்தின் மறுகோடியில் எதிரியின் அம்மாவைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்வது கொடுமை.

அப்புறம் அந்தக் காவலிலிருந்து வெளியே வருவது. நோய் அடங்கிவிட்டது, பயமில்லை என்று வைத்தியர்கள் எழுதினாலும், கூட்டிக்கொண்டு போக, மருந்து கொடுக்க ஒரு குடும்பம் வேண்டும். வைத்தியசாலை கடிதம் போடும். பல தோட்டங்களில் லயத்துக்கென்று முகவரி கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும், அங்கே கட்டுக்குள் கிடக்கும், சில நேரம் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வழியில் தொலையும். குடும்பம் இதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம், அம்மா செத்திருக்கலாம். பதில் வராத கடிதத்தைக் குடும்பம் கைவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே, உங்கள் லயத்தில் யாராவது இப்படி ஒரு வழக்கில் மாட்டியிருந்தால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, டிஸ்பென்சரிச் சீட்டு எதையும் எறியாதீர்கள், சட்டத்தரணி கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சம்பவத்துக்கு முந்திய நாட்களில் அவர் என்ன பேசினார், எப்போது தூங்காமல் இருந்தார், யாரைப் பார்த்துப் பயந்தார் என்பதை ஒரு காகிதத்தில் திகதியோடு எழுதி வையுங்கள், அவர் சொன்ன அதே சொல்லில், நல்ல தமிழாக்காமல், சுருக்காமல். வைத்தியர் அழைத்தால் போங்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் வீட்டில் ஒருவர் சுவரோடு பேசத் தொடங்கியிருக்கிறார் என்றால் 1926 க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். கடிதம் வருமென்று எதிர்பார்க்கிற குடும்பம் என்றால், தோட்டத்து ஆபீஸ் முகவரியை மட்டும் கொடுக்காமல் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும், இன்னொரு சொந்தக்காரரின் இலக்கத்தையும் வார்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.